அகலம் போதாத பட்டன்

டெஸ்க்டாப் புரோகிராமுக்குத் திரை அமைக்கும் பிள்ளைகள் இன்னமும் பிக்சல் கணக்கில் பட்டன் வைக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் 'சேவ்' நாலே எழுத்து. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அதுவே 'ஆன்ரெஜிஸ்த்ரே', 11 எழுத்து. தமிழில் 'சேமி' எப்படியோ அடங்கிவிடும். 'எக்ஸிட்' பட்டனில் 'வெளியேறு' என்று எழுதிப் பாருங்கள். வால் அறுந்து 'வெளியே' என்று நிற்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர் மனுவோடு வந்து திரை முன் நின்றால் இப்படியா துரத்துவது?

பைத்தானின் டிகிண்டரில் 'பிளேஸ்' முறையை விட்டு 'கிரிட்' முறைக்கு வாருங்கள். பட்டனுக்கு அகலமே கொடுக்காதீர்கள். எழுத்துக்குத் தக்கபடி அதுவே விரியும், பக்கத்துப் பட்டன் தள்ளிக்கொள்ளும். பெயர் எழுத இடம் போதாத படிவத்தை எங்கள் காலத்து சூப்பரின்டென்டென்ட் அச்சுக்கே விடமாட்டார்! கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கும் இதே வைத்தியம்தான்.