பழைய பள்ளிகளைக் காக்க ஒரு பிள்ளையைப் படிக்க வைப்போம்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் மேலகரத்தையும் தென்காசியையும் நாள்கணக்கில் நனைக்கும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சினாலும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துச் சுவர் பொரியத் தொடங்கும். பிறகு, "சுவர் வலுவிழந்துவிட்டது, இடித்துக் கட்டுவோம்" என்று நம் ஜமாஅத்துகளில் முடிவெடுக்கிறோம். வலுவிழக்கச் செய்தது எது என்று எடுத்துச் சொல்லும் அறிவுடையவர் அங்கே இருப்பதில்லை. அத்தகைய ஒருவரை நாமே உருவாக்க வேண்டும்.

தொன்மையான கட்டடங்களைப் பாதுகாப்பது இன்று உலகெங்கும் முறையாகக் கற்பிக்கப்படும் துறை. ஐகோமோஸ் அமைப்பின் அமெரிக்கக் குழு 1984 முதல் நடத்திவந்த பன்னாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில், இளைஞர்கள் வேறொரு நாட்டுக்குச் சென்று இப்பணியை நேரில் பயின்றனர். ரோமிலுள்ள இக்ரோம் நிறுவனமும் பயிற்சி அளிக்கிறது. டில்லி ஹுமாயூன் கல்லறையில் ஆகா கான் அறக்கட்டளை மேற்கொண்ட சீரமைப்பு 2013இல் நிறைவுற்றது. அங்கே கூரைமேல் ஏற்றப்பட்டிருந்த ஏறத்தாழ 10 இலட்சம் கிலோ காங்கிரீட் அகற்றப்பட்டது. வண்ண ஓடு செய்யும் கலையை உஸ்பெகிஸ்தான் கைவினைஞர்களிடம் நிஜாமுத்தீன் பகுதி இளைஞர்கள் கற்றுக்கொண்டனர்.

"பள்ளிவாசலின் உயிர் தொழுகையில்தானே இருக்கிறது, கல்லிலா?" என்று சிலர் கேட்கலாம். தொழுகையில்தான், ஐயமில்லை. தொழுவோர் பெருகினால் இடமும் வேண்டும். ஆயினும் வக்ஃபு என்பது அமானிதம். முத்தவல்லி அதன் காவலரே அன்றி உரிமையாளர் அல்லர். சிங்கப்பூரில் 1826இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே இன்றும் ஐவேளைத் தொழுகை நடைபெறுகிறது. பாதுகாப்பும் பயன்பாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நம் ஜமாஅத்துகள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கல்வி உதவி வழங்குகின்றன, அல்ஹம்துலில்லாஹ். அவற்றோடு, கட்டடக்கலை பயிலும் ஒரு மாணவரையோ மாணவியையோ தேர்ந்தெடுத்து, வெளிநாட்டுப் பயிற்சிக்கான பயணச் செலவை ஏற்போம். திரும்பி வந்ததும் நம் வட்டாரத்துப் பழைய பள்ளிகளை அளந்து, வரைந்து, பதிவு செய்து தர வேண்டும்; சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த முதிய கொத்தனார்களிடம் தொழில் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இவையே நாம் விதிக்கும் நிபந்தனைகள்.

அதுவரை எந்தப் பழைய பள்ளியையும், தக்க வல்லுநரின் எழுத்துபூர்வமான கருத்தைப் பெறாமல் இடிப்பதில்லை என்று தீர்மானிப்போம். இடித்த பின் எந்தப் பயிற்சியும் அதை மீட்டுத் தராது.