மானாப்புல் மலையில் இரு பருந்துகள்



சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் வரத்தொடங்கும் மாதங்களில் மலைநாட்டுப் புல்மலைகளை அண்ணாந்து பாருங்கள். சரியாகச் சொன்னால் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பூனைப்பருந்து மானாப்புல்லின் தலையை உரசுவதுபோலத் தாழ்வாக, சிறகுகளைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தபடி பறக்கும். ஆந்தையைப் போன்ற வட்ட முகம் இருப்பதால், புல்லுக்குள் எலி அசைவதைக் காதால் கேட்டே பிடித்துவிடும்.

எமது நாட்டுக்கு வரும் இரு இனங்களைப் பலர் ஒன்றென்றே எண்ணுகின்றனர். வெளிர் பூனைப்பருந்து கஸகஸ்தான், தென் ரஷ்யப் புல்வெளிகளிலிருந்து வருவது. மலைப் புல்வெளிகளில் பெரும்பாலும் காணக்கூடியது இதுவே. மற்றது மொண்டேகு பூனைப்பருந்து. இது தாழ்நில வெளிகளையே அதிகம் நாடும். 1977, 1983 வன்செயல்களின் பின் இங்கிருந்து வன்னிக்குப் போன எம் சகோதரிகள் அங்கே அதனைக் கண்டிருக்கக்கூடும்.

ஆண்களைப் பிரித்தறிவது எளிது. வெளிர் இனத்து ஆண் ஏறக்குறைய வெள்ளை. சிறகு நுனியில் மட்டும் ஆப்புப் போலக் கறுப்பு. மொண்டேகு ஆண் கடுஞ்சாம்பல் நிறம். சிறகின் மேல் குறுக்காக ஒரு கறுப்புக் கோடும் வயிற்றில் செம்மண் நிறக் கீற்றுகளும் உண்டு.

பெண்களோ இரண்டிலும் மண்ணிறம், வாலடியில் வெள்ளை. நூல்களும் ஆணைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, பெண்ணுக்கு "பிரித்தறிவது கடினம்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகின்றன. கவனித்துப் பார்த்தால் அடையாளம் உண்டு. வெளிர் இனப் பெண்ணின் கரிய கன்னத்துக்குப் பின்னால் வெண்ணிறக் கழுத்துப்பட்டி தெளிவாகத் தெரியும். மொண்டேகுப் பெண்ணுக்கு அது இல்லை.

இங்கிலாந்தில் இவற்றின் உறவினமொன்றின் பெண்ணை வேறொரு பறவையென்றே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 200 ஆண்டுகளுக்கு முன் ஜோர்ஜ் மொண்டேகு என்பவர் குஞ்சுகளை எடுத்து வளர்த்து, சாம்பல் ஆணும் மண்ணிறப் பெண்ணும் ஒரே இனமென்று காட்டினார். மொண்டேகு பூனைப்பருந்துக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது.

கோழிக்குஞ்சைத் தூக்குவது இதுதான் என்று கல்லெறிய வேண்டாம். வெட்டுக்கிளி, ஓணான், எலி, சிறு குருவிகள்தான் இதன் இரை. இரவில் இவை மரத்தில் தங்குவதுமில்லை. புல்லுக்குள் தரையிலேயே, சில இடங்களில் கூட்டமாக, உறங்கும். வெளிர் இனம் அருகி வருவதாக உலகப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. அதனால் மாசி, பங்குனியில் காய்ந்த மானாவுக்கு நெருப்பு வைக்க யாராவது புறப்பட்டால், முதலில் ஒரு மாலை அங்கு நின்று என்ன இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.