கடிகாரம் தப்பா? கம்ப்யூட்டர் தப்பா?



லேபில் ஒரு மெஷின் பூட் ஆகாமல் நின்றால் நம்மில் பாதிப் பேர் சொல்வது, "வைரஸ் வந்துடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்!" இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் கருத்து. போன வருடம் அப்படி ஃபார்மட் செய்த ஒரு மெஷினில் பிளஸ் டூ அண்ணன்களின் ப்ராஜெக்ட் மொத்தமும் போய்விட்டது.

கோடை விடுமுறை முடிந்து ஸ்விட்சைப் போட்டால் சில லினக்ஸ் மெஷின்கள் கறுப்புத் திரையில் நின்றுவிடும். "கடைசியாக மவுண்ட் செய்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி வரும். எதிர்காலமா? சிரிப்பாக இருக்கிறதா? ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது.

ஹார்ட் டிஸ்கில் சூப்பர்பிளாக் என்று ஒரு பகுதி உண்டு. நம் வருகைப் பதிவேடு மாதிரி. கடைசியாக எப்போது மவுண்ட் ஆனது, எப்போது எழுதப்பட்டது என்று அதில் குறிக்கப்படும். பூட் ஆகும்போது சோதனை புரோகிராம் அதை இன்றைய தேதியோடு ஒப்பிடும்.

இன்றைய தேதி எங்கிருந்து வருகிறது? மதர்போர்டில் உள்ள கடிகாரத்திலிருந்து. மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகு அதை ஓட்டுவது பொத்தான் மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரி, சி.ஆர். 2032. அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். டிஸ்க் 2025 என்கிறது, கடிகாரம் 2009 என்கிறது. யாரை நம்புவது? அதனால்தான் மெஷின் நின்று கேட்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் நம் இந்திய நேரத்தை வைக்கும். லினக்ஸோ வழக்கமாக அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு 5 மணி 30 நிமிடம் கூட்டிவிடும். காலை 10 மணி, மாலை 3.30 ஆகிவிடும்! அந்த நேரம் டிஸ்கில் பதிவான பிறகு யாராவது கடிகாரத்தைத் திருத்தினால், பதிவு எதிர்காலத்துக்குப் போய்விடும். ஒரு நாளுக்குள் இருக்கும் இந்த வித்தியாசத்தை இப்போதுள்ள சோதனை புரோகிராம் தானே சரிசெய்துகொள்ளும். பேட்டரி தீர்ந்தால் வரும் பல வருட வித்தியாசத்தை அப்படி விடாது.

"கடிகாரம் தப்புன்னா அதுக்காக மெஷின் நிக்கணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நிற்பதே நல்லது என்பேன். தேதி தப்பானால் எது பழைய ஃபைல், எது புதிய ஃபைல் என்றே தெரியாமல் போகும்.

ஃபார்மட் செய்தால் தீருமா? தீராது. பேட்டரி அதேதான். இன்று நேரத்தைத் திருத்தி மெயினை அணைத்தால், நாளை அதே எர்ரர் வரும். நம் ஃபைல்கள் போனதுதான் மிச்சம்.

எனவே முதலில் செட்டப் திரையில் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்திவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள். தேதி சரியாக இருந்தும் எர்ரர் வந்தால், அல்லது வேறு எர்ரர்களும் சேர்ந்து வந்தால், அலட்சியம் வேண்டாம். டிஸ்கிலேயே கோளாறு இருக்கலாம். சாரிடம் சொல்லி முதலில் ஃபைல்களை காப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஜூன் மாதமும் லேப் திறந்தவுடன் எல்லா மெஷினிலும் தேதியைப் பார்த்து, தேவையானதற்குப் பேட்டரி மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். ஒரு சின்ன பேட்டரிக்காக ஒரு வருட உழைப்பை இழக்கலாமா? யோசியுங்கள்!