இளம்பெண்களின் உணவுக் கோளாறுகளும் சமூக ஊடகமும்: ஒரு நிலைப்பாடு

உணவுக் கோளாறு ஒரு மனநோய். அழகுமோகம் என்றோ பிடிவாதம் என்றோ அதைத் தள்ளிவிட முடியாது. அதன் ஒரு வகையான அனோரெக்சியாவில் பட்டினியால் மாதவிடாய் நிற்கிறது, இதயத்துடிப்பு மந்தமாகிறது, எலும்பு வலுவிழக்கிறது. இன்னொரு வகையான புலிமியாவில் அளவுமீறி உண்பதும் வாந்தியெடுப்பதும் மாறிமாறி நடக்கும்; எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் வீட்டாருக்குத் தெரிவதில்லை. மிகுதியாக உயிர் பறிக்கும் மனநோய்களுள் அனோரெக்சியாவும் ஒன்று.

சிங்கப்பூருக்கு இது கைப்பேசியோடு வந்த நோய் அல்ல. 1992இல் பள்ளிகளில் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம், எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்யவைத்தது. பருமனான மாணவர்களின் விகிதம் குறைந்தது உண்மைதான். ஆனால் யார் குண்டு என்பது பள்ளிக்கே தெரிந்தது. கேலியும் கூச்சமும் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தன. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு.

பள்ளி விட்டதைத் திரை எடுத்துக்கொண்டது. படங்கள் உணவுப் பழக்கத்தை எவ்வளவு விரைவில் மாற்றும் என்பதற்கு ஃபிஜித் தீவு சான்று. அங்கே நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995இல். எடை குறைக்க வாந்தியெடுக்கும் வழக்கம் அப்போது ஆய்வு செய்யப்பட்ட பள்ளி மாணவியரிடம் இல்லை, 1998இல் 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. தொலைக்காட்சி எல்லாருக்கும் ஒரே படத்தைத்தான் காட்டியது. இன்றைய செயலியோ, பார்ப்பவரின் பலவீனம் அறிந்து ஊட்டுகிறது: எடைக்குறைப்புக் காணொளி ஒன்றில் சற்று நின்றவளுக்கு அடுத்தடுத்து அதே வகைக் காணொளிகள் வருகின்றன. தங்கள் உடலை எண்ணி மனம் வாடிய பதின்ம வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டகிராம் அந்த வாட்டத்தைக் கூட்டியதாகச் சொன்னார்கள். 2021இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களின்படி, இது இன்ஸ்டகிராமை நடத்தும் அந்நிறுவனத்தின் சொந்த ஆய்வு கண்டது.

தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சுமையும் உண்டு. தீபாவளிக்குத் தேக்காவில் சேலை எடுக்கும்போதும் கல்யாண வீட்டிலும் "குண்டாயிட்டே", "கறுத்துப்போயிட்டே" என்பது அன்பான நலம்விசாரிப்பாகவே கருதப்படுகிறது. திரையில் ஃபில்டர் சொல்வதை அத்தை வாயாலும் கேட்கும் பெண்ணுக்குத் தப்ப இடமில்லை. விரதம் என்ற பெயரில் பட்டினி மறைந்துகொள்வதும் எளிது. விரதம் தவறல்ல; அது முடிந்தபிறகும் சாப்பிட அஞ்சுவதுதான் அறிகுறி.

எனவே எங்கள் நிலைப்பாடு: முதற்பொறுப்பு சமூக ஊடகத் தளங்களுடையது. சிங்கப்பூரில் 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்பு நடைமுறை விதிகள் ஆறு வகைத் தீங்குகளைப் பட்டியலிடுகின்றன. உணவுக் கோளாற்றைத் தூண்டும் உள்ளடக்கம் அவற்றில் தனி வகையாக இல்லை. அதைத் தனியே பெயரிட்டுச் சேர்க்கவேண்டும். 2025 ஜூனில் டிக்டாக், மிகையான மெலிவைப் போற்றும் 'ஸ்கின்னிடாக்' என்ற தேடலை முடக்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு சொல்லை முடக்கினால் இன்னொன்று முளைக்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய காணொளிகளைப் பரிந்துரைப்பதே நிற்கவேண்டும். பெண்களைக் கைப்பேசியை விட்டு விலகச் சொல்வது மட்டும் தீர்வாகாது. அது பழியைப் பாதிக்கப்பட்டவர் மீதே போடுகிறது. பெற்றோருக்கான விளக்கமும் ஆலோசனையும் தமிழிலும் கிடைக்கவேண்டும்.

மகளின் எடையைப் பற்றிப் பேசுவதைக் குடும்பங்கள் இன்றே நிறுத்தலாம். சாப்பாட்டுக்குப் பின் உடனே கழிவறைக்குச் செல்வது, மாதவிடாய் நிற்பது, சேர்ந்து உண்ண மறுப்பது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச்செல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.