தொட்டிலைக் காட்டிப் பறிக்கப்படும் நாற்காலி

73ஆவது அரசியலமைப்புச் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு ஆந்திரம், ஹரியானா, ராஜஸ்தான் இயற்றிய ஊராட்சிச் சட்டங்களில் இன்னொரு விதியும் இருந்தது: இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் தேர்தலில் நிற்க முடியாது. பிறகு வேறு மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்று காரணம் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் இந்த விதி கிடையாது. சட்டம் இயற்றியவர்கள் தங்களை விட்டுவிட்டு, எளியவர்கள் வந்து உட்காரத் தொடங்கிய இடத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டார்கள்.

அந்தப் பூட்டும் எல்லோருக்கும் ஒன்றல்ல. சட்டம் குறித்த தேதிக்கு முன்பே இரண்டுக்கு மேல் பிள்ளைகள் பெற்றவர்களுக்கு, அதன்பின் எண்ணிக்கை கூடாதவரை, தடை இல்லை. அதற்கு முன்பே ஐந்து பிள்ளைகள் பெற்றுவிட்ட ஊர்ப் பெரியவர் தாராளமாக நிற்கலாம். 21 வயதில் போட்டியிட வரும் தலித் பெண்ணுக்கு அப்போதுதான் பிள்ளை பெறும் காலமே தொடங்குகிறது. எத்தனை பிள்ளை என்று முடிவெடுக்கும் உரிமை பல வீடுகளில் அவளிடம் இல்லை. தண்டனை மட்டும் அவளுக்கு.

இந்த விதி குறித்து நிர்மலா புச் ஐந்து மாநிலங்களில் ஆய்வு செய்தார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்கள். பதவிக்காக மனைவியைக் கைவிட்டதும், குழந்தையைத் தத்துக் கொடுத்ததும், கருவைக் கலைத்ததும் அதில் பதிவாகியுள்ளன. தத்துக் கொடுத்தாலும் தப்ப முடியாது என்று 2018இல் ஒடிசாவின் பழங்குடி ஊராட்சித் தலைவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்தலில் நிற்பது அடிப்படை உரிமையல்ல என்று கூறி 2003இல், ஜாவேத் வழக்கில், இந்த விதியை உறுதிசெய்ததும் அதே நீதிமன்றம்தான்.

சிறு குடும்பம் பெண்ணுக்கு நல்லதுதானே என்று சில தோழர்கள் கேட்கலாம். நல்லதுதான். கேரளமும் தமிழ்நாடும் இந்த விதி இல்லாமலேயே பிறப்பு விகிதத்தைக் குறைத்தன. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் செய்த வேலை அது.

2024இல் ஆந்திரம் விதியை நீக்கியது. அநீதி என்று உணர்ந்தா? இல்லை, பிறப்பு விகிதம் குறைந்துவிட்டதாம். இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர்களே போட்டியிடலாம் என்று சட்டம் கொண்டுவருவது பற்றிக்கூட முதல்வர் சந்திரபாபு நாயுடு பேசினார். நேற்று குறைத்துப் பெறு, இன்று கூட்டிப் பெறு. இரண்டிலும் அரசு அளப்பது பெண்ணின் கருப்பையை.

விதி இன்னும் இருக்கும் மாநிலங்களில் அது போக வேண்டும், எண்ணிக்கை சரிந்தது என்பதற்காக அல்ல. ஊரை ஆளும் உரிமைக்குக் குடும்பத்தின் அளவு தகுதியாக இருக்கவே கூடாது என்பதற்காக.