ஜிலேபிக் குஞ்சுக்கு நான் பணம் தரமாட்டேன்



நம் கண்மாய் மீன்பிடித் திருவிழா வீடியோவை இந்த வாரம் பன்னிரண்டு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். பெரியவர் வெள்ளை வீசுகிறார், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே தண்ணீருக்குள் பாய்கிறது. சந்தோஷம். ஆனால் வீடியோவை நிறுத்தி, கூடையில் என்ன கிடக்கிறது என்று பார்த்தீர்களா? முக்கால்வாசி ஜிலேபி. மிச்சம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. விரால் ஒன்றே ஒன்று, அதோடு நாலு பேர் செல்ஃபி எடுக்கிறார்கள். நாட்டுக் கெளுத்தி எங்கே? குரவை எங்கே? அயிரை எங்கே?

இந்த லட்சணத்தில், அடுத்த வருஷம் விழா "இன்னும் ஜோராக" இருக்க ஜிலேபிக் குஞ்சு வாங்கி விட வேண்டுமாம், வீட்டுக்கு 500 ரூபாயாம். குரூப்பில் என் பெயருக்கு நேரே இன்னும் காலியாக இருக்கிறது என்று மாப்பிள்ளை இரண்டு தரம் போன் செய்துவிட்டார். காலியாகவே இருக்கட்டும் மாப்பிள்ளை.

நான் மீன்வளம் படித்தவனில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து அஞ்சாப்புக்குப் பாடம் எடுத்தவன். இருந்தாலும் இது தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான். ஜிலேபி நம்மூர் மீனே இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்தது, 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்து இறங்கியது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும், அதனால் சேதாரம் குறைவு. வருஷத்தில் பல தடவை பெருகும். இடமும் இரையும் பற்றாமல் கடைசியில் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். கட்லா, ரோகு அப்படியில்லை. தேங்கிய தண்ணீரில் அவை இனம் பெருக்காது, விட்டதைப் பிடித்தால் கணக்கு முடிந்தது. ஜிலேபியை ஒரு தடவை விட்டால் எடுக்கவே முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ மற்ற மீனையே தின்கிற ஜாதி. மத்திய அரசு அதைத் தடை செய்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அப்புறமும் நம் கூடையில் கிடக்கிறது.

ஏழை வீட்டுக்கு ஜிலேபிதானே சார் மலிவு என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் தம்பி, திருவிழா மீன் விலைக்கு வாங்குவதில்லையே! நாட்டு மீன் இருந்தவரை அதே ஏழை வீட்டில் அதே ஓசியில் விரால் குழம்பு கொதித்தது.

அமெரிக்காவில், ஓரிகனில் இருக்கும் நம் பையன் ஒருவன் சால்மன் படம் போட்டிருந்தான். 2015 கோடையில் அங்கே ஆற்றுத் தண்ணீர் சூடேறியதும், மதியம் 2 மணிக்கு மேல் பெரும்பாலான ஆறுகளில் தூண்டில் போடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சூடான தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டும், பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைக்காது. நாம் வைகாசி வெயிலில், முழங்கால் தண்ணீரில், ஒரு குஞ்சு மிச்சமில்லாமல் அரித்து எடுக்கிறோம். என் அப்பா காலத்தில் மடையடிப் பள்ளத்துக்குள் யாரும் ஊத்தா போட மாட்டார்கள். அங்கே ஒதுங்கிய தாய் மீன்தான் மழைக்குப் பிறகு கண்மாயை நிரப்பும். இந்த வருஷம் அந்தப் பள்ளத்தையும் மோட்டார் வைத்து இறைத்திருக்கிறார்கள். வீடியோவிலேயே ஹோஸ் தெரிகிறது!

இன்னொன்று. புது வெள்ளத்தில் மீன் எதிரேறி வருவது வரத்துக்கால்வாய் வழியாகத்தான். நம் கால்வாயில் சீமைக்கருவேலமும் கல்யாண மண்டபக் குப்பையும் அடைத்துக் கிடக்கிறது. மணல் போன வைகையில் அயிரைக்கே இடமில்லை, இங்கே எந்த மீன் ஏறி வரும்?

அந்த 500 ரூபாயைக் கால்வாய் வெட்டக் கேளுங்கள், இரண்டு பங்காகத் தருகிறேன். ஆடி கடைசி ஞாயிறு காலை 6 மணிக்கு மடையடியில் இருப்பேன். என்னிடம் மண்வெட்டி இரண்டு இருக்கிறது. அரிவாள் நீங்கள் கொண்டு வாருங்கள்.