ஆரம்ப சூரன் என்று சொல்லும் முன்...

ஓசூர் சிப்காட் பக்கத்து டீக்கடையில் காலை ஆறு மணிக்கு நிற்பவர்கள் இரண்டு வகை. ராத்திரி ஷிப்ட் முடித்து வெளியே வந்தவர்கள் ஒரு பக்கம். காலை ஷிப்ட்டுக்கு உள்ளே போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒருவருக்குத் தூக்கம், இன்னொருவருக்கு அவசரம். இருவருக்கும் பொதுவானது டீயும் கையில் இருக்கும் போனும்தான்.

போன வாரம் அங்கே ஒரு சின்ன வாக்குவாதம். இருபது வயசுப் பையன் ஒருவன் போனில் ஒரு பழைய கால்பந்து வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது நம்ம சிவசக்தி. காரைக்குடிப் பக்கத்துப் பையன். கோலைப் பாருங்க!"

பக்கத்தில் இருந்த பெரியவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அது 2022-ல போட்டது தம்பி. அதுக்கப்புறம் என்ன பண்ணிட்டான்? எல்லாம் ஆரம்ப சூரத்தனம்."

பையன் முகம் சுருங்கிப்போனது. நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது. காரணம், இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே வார்த்தை எங்கள் வீட்டிலும் விழுந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கால்பந்து பார்க்காதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன அறிமுகம். சிவசக்தி நாராயணன் 2001-ல் பிறந்தவர். முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் ஆடியவர். பிறகு பெங்களூரு எஃப்.சி. கிளப்பின் ரிசர்வ் அணிக்குப் போய், அங்கிருந்து பெரிய அணிக்கு ஏறியவர்.

இந்த கிளப்பின் சொந்த மைதானம் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று டிராஃபிக்கில் ஊர்ந்தாவது போய் மேட்ச் பார்த்துவிட்டு, நடு ராத்திரி ஜூஜூவாடியில் வந்து இறங்குகிற பையன்கள் நம்ம ஊரில் உண்டு. அவர்களுக்கு அந்த அணியில் ஒரு தமிழ்ப் பையன் ஆடுவது பெரிய விஷயம்.

அந்த வீடியோ 2022 செப்டம்பர் 18-ம் தேதி நடந்த டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டி. 1888-ல் தொடங்கிய போட்டி இது. ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி என்று சொல்வார்கள். கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், மும்பை சிட்டி அணிக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் சிவசக்தி. 2-1 என்று பெங்களூரு ஜெயித்தது.

அடுத்து வந்த 2022-23 ஐ.எஸ்.எல். சீசனில் ஆறு கோல். பெங்களூரு தொடர்ச்சியாக எட்டு லீக் ஆட்டங்களை ஜெயித்த சீசன் அது. நாட்டின் மிகப் பெரிய கோல்காரர் சுனில் சேத்ரியே பல ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருக்க, இந்தப் பையன் முதல் பதினோரு பேரில் இறங்கினார். சீசன் முடிவில் வளரும் வீரருக்கான விருதும் அவருக்குத்தான். 2023 மார்ச் 18-ல் கோவாவில் இறுதிப் போட்டி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவர் அடிபட்டு வெளியேற, அவர் இடத்தில் சேத்ரி இறங்கினார். பெனால்டியில் பெங்களூரு தோற்றது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு சீசன்களிலும் அந்த ஆறு கோலை சிவசக்தி எட்டவில்லை. டீக்கடைப் பெரியவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதிக் கணக்கைத்தான் சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை.

என் அக்கா மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, இங்கே ஒரு தொழிற்சாலையில் ட்ரெய்னியாகச் சேர்ந்தான். முதல் மூன்று மாதம் பையன் பிரமாதமாகச் செய்தான். சிறந்த ட்ரெய்னி என்று நோட்டீஸ் போர்டில் போட்டோ போட்டார்கள். அக்கா அதை போனில் படம் பிடித்து வரச்சொல்லி, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். காவேரிப்பட்டணத்தில் பாதிப் பேருக்கு அந்தப் போட்டோ போயிருக்கும்.

நாலாவது மாதம் அவனை வேறு லைனுக்கு மாற்றினார்கள். புது மெஷின், புது மாடல். ரிஜெக்‌ஷன் ஏறிவிட்டது. ஐந்தாவது மாதம் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "என்னப்பா, ஆரம்ப சூரத்தனமா?" வீட்டுக்கு வந்து சொன்னால், அப்பாவும் அதையேதான் சொன்னார். ட்ரெய்னிங் காலம் முடிய இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி. வேலை நிரந்தரமா, இல்லை திரும்பக் காவேரிப்பட்டணமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஓர் ஆட்டக்காரர் எதிர்பார்ப்பை நிறைவேற்றினாரா என்று தீர்ப்புச் சொல்லும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நான் கோச் இல்லை. வருஷக்கணக்காக மேட்ச் பார்த்ததில் தெரிந்துகொண்டவைதான்.

முதல் கேள்வி, எத்தனை நிமிடம் ஆடினார்? "பத்து மேட்ச், ஒரு கோல்கூட இல்லை" என்று பேப்பரில் வரும். அந்தப் பத்து மேட்ச்சிலும் அவர் 75-வது நிமிடத்தில்தான் இறங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 150 நிமிடம். இரண்டு முழு ஆட்டத்துக்கு 180 நிமிடம். ஆக, அவர் இரண்டு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் பத்து ஆட்டத்தில் சொதப்பியவர் என்று பெயர் வாங்கிவிடுவார்.

இரண்டாவது கேள்வி, எங்கே நிறுத்தினார்கள்? ஐ.எஸ்.எல்.லில் 2021-22 முதல் ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களைக் களத்தில் இறக்கலாம் என்றிருந்தது. கோல் அடிக்கிற இடத்துக்குப் பல கிளப்புகள் வெளிநாட்டுக்காரரைத்தான் வாங்கும். அப்போது நம்ம ஊர் முன்கள வீரர் ஒன்று ஓரத்துக்குப் போவார், இல்லை பெஞ்சுக்குப் போவார். சிவசக்திக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அதே அணியில் சேத்ரி. 40 வயதில், 2024-25 சீசனில் 14 கோல் அடித்தவர் அவர். அப்படி ஒருவர் இருக்கும்போது இளைஞருக்கு எந்த கோச் இடம் கொடுப்பார்?

மூன்றாவது கேள்வி, பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஆறு கோல் அடித்த சீசனில் சிவசக்தியின் ஜோடி ஃபிஜி நாட்டு ராய் கிருஷ்ணா. அடுத்த சீசனில் அவர் ஒடிசா அணிக்குப் போய்விட்டார். 2023 டிசம்பரில் பயிற்சியாளரும் மாறினார். 12 அணிகள் ஆடிய அந்த லீகில் பெங்களூரு 10-வது இடத்துக்கு விழுந்தது. சரிந்தது மொத்த அணியும்தான். இன்னொன்றும் உண்டு. முதல் வருடம் இவர் யார் என்று எதிரணித் தடுப்பாளர்களுக்குத் தெரியாது. இரண்டாவது வருடம் வீடியோ பார்த்து, எந்தப் பக்கம் திரும்புவார், எந்தக் காலில் அடிப்பார் என்று படித்துவிட்டு வந்துவிடுவார்கள். பள்ளியில் ஒன்பதாம் வகுப்பும் பிளஸ் ஒன்னும் ஒரே கணக்குப் பாடமா? அதைப் போலத்தான்.

நான்காவது கேள்வி, உடம்பு எப்படி இருந்தது? இதற்கு மைக்கேல் சூசைராஜ் கதை போதும். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்தவர். 2019-20-ல் ஏ.டி.கே. அணி கோப்பை வென்றபோது அதில் இருந்தவர். அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அந்த சீசனே அவருக்கு முடிந்துபோனது. 'எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை' என்று அவர் பெயருக்கு நேராக எழுதினால் அது நியாயமா?

எதிர்பார்ப்பு என்பதே ஆட்டக்காரர் கையில் இல்லை. அதை உருவாக்குகிறவர்கள் நாம். அமெரிக்காவில் ஃப்ரெடி அடு என்று ஒரு பையன். 14 வயதில், 2004-ல், தொழில்முறை ஆட்டக்காரராக இறக்கிவிட்டு 'அடுத்த பீலே' என்றார்கள். பிறகு நாடு நாடாக, கிளப் கிளப்பாக மாறிக்கொண்டே இருந்தார். பீலே ஆகவில்லை என்பதே அவர் குற்றமாகிவிட்டது. உலகத்தில் யார்தான் பீலே ஆனார்கள்?

இதற்கு நேர் எதிர் ஜேமி வார்டி. இங்கிலாந்தில் பதின்ம வயதிலேயே, உயரம் போதாது என்று ஒரு பெரிய கிளப் அவரை வெளியே அனுப்பிவிட்டது. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன கிளப்பில் ஆடினார். 25 வயதில்தான் லெஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. 2015-16-ல் லெஸ்டர் இங்கிலாந்தின் சாம்பியன். 2019-20-ல், 33 வயதில், பிரீமியர் லீகின் அதிக கோல் அடித்தவர் வார்டி. அவருடைய 22 வயதில் தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்போம்?

"அப்போ யாரையுமே குறை சொல்லக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லலாம். அவர் தொழில்முறை ஆட்டக்காரர். ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குகிறார். டிக்கெட் வாங்கி, ராத்திரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

வார்டியைக் காட்டி எல்லோருக்கும் ஆறுதல் சொல்வதும் சரியில்லை. ஒரு வார்டிக்குப் பின்னால் பேர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். சேத்ரியோடு ஒப்பிட்டாலும் நேர்மையாகப் பேச வேண்டும். 2007-லேயே, 23 வயதில், இந்தியாவின் சிறந்த வீரர் விருதை வாங்கிவிட்டார் சேத்ரி. அந்த வயதில் சிவசக்தி அந்த இடத்தில் இல்லை.

ஆனால் அந்த சேத்ரிக்கும் சறுக்கல் உண்டு. 2010-ல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டிக்குப் போய், ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குப் போய், இரண்டாம் அணியில் சில ஆட்டங்களோடு திரும்பினார். 'அவ்வளவுதான் சேத்ரி' என்று பேசுவதற்கு அப்போது எல்லாக் காரணமும் இருந்தது. 2013-ல் புதிதாகத் தொடங்கிய பெங்களூரு கிளப் அவரை நம்பியது. முதல் சீசனிலேயே ஐ-லீக் கோப்பை. மீதி வரலாறு.

ஆட்டக்காரருக்கு ஆட்டம் வேண்டும். இந்தியாவில் அதுவே நிச்சயமில்லை. இங்கிலாந்தில் ஒரு சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 38 லீக் ஆட்டம். 2022-23 ஐ.எஸ்.எல்.லில் 20 ஆட்டம்தான். இருபது ஆட்டத்தில் ஆறு கோல், நான்கு கோல் என்பதற்கு நடுவில் இருப்பது சில சமயம் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய இரண்டு பந்துகள்தான். 2025 ஜூலையில் அடுத்த ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு கிளப் வீரர்களின் சம்பளத்தையும் நிறுத்திவைத்தது. இருபதுகளில் இருக்கும் ஒரு காலுக்கு ஆட்டமில்லாத மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

சரி, என் தீர்ப்பு என்ன? கோல் கணக்கில், 2022-23 கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பை அடுத்த இரண்டு சீசன்களில் சிவசக்தி நிறைவேற்றவில்லை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் அது அந்த இரண்டு சீசன்களைப் பற்றிய தீர்ப்பு. ஆளைப் பற்றியது இல்லை. 'இந்த வருஷம் சரியில்லை' என்பதும் 'இவன் அவ்வளவுதான்' என்பதும் ஒன்று கிடையாது. முதலாவதைக் கேட்டு ஆட்டக்காரன் மறுநாள் பயிற்சிக்குப் போகலாம். இரண்டாவதைக் கேட்டால் எங்கே போவான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பையனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"பழைய மெஷின்ல எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தாங்கடா?"

"மூணு வாரம் மாமா. ஒரு சீனியர் அண்ணன் கூடவே நின்னாரு."

"புது மெஷின்ல?"

"ரெண்டு நாள்."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

தலையை ஆட்டினான். இல்லை. ஆரம்ப சூரன் என்று பெயர் வாங்கியவன் வாயைத் திறந்தால், அது சாக்குச் சொல்வதாகிவிடும் என்று பயம். ஒரு தாளில் தேதி வாரியாக எழுதச் சொன்னேன். எந்த நாள் எந்த மெஷின், எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்‌ஷன். அதோடு சூப்பர்வைசரிடம் போய், "ஒரு வாரம் சீனியர் பக்கத்துல நிக்க விடுங்க சார்" என்று கேட்கச் சொன்னேன். கேட்டான். விட்டார்கள்.

ரிஜெக்‌ஷன் குறைந்திருக்கிறது. பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. வேலை நிரந்தரமாகுமா என்பது அடுத்த மாதம் தெரியும். எப்படி வேண்டுமானாலும் ஆகலாம்.

ஆனால் நேற்று ராத்திரி அக்கா போன் செய்தபோது, பின்னால் மாமாவின் குரல் கேட்டது. ஷிப்ட் முடித்து வந்த மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏன்டா, அந்தப் புது மெஷின் எப்படி ஓட்டறது? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."